கீழே விடாத மந்திரி

ரொம்ப காலத்துக்கு முன்னால், கப்பல்கள் மிளகுக்கும் வம்புக்கும் வந்துபோன நாளில், மருதங்கோட்டையை வஜ்ரபாகு என்றொரு ராஜா ஆண்டார். காலையில் இட்ட கட்டளையைச் சாயங்காலம் மறந்துவிடும் நல்ல மனசு அவருக்கு. என்ன, மத்தியானத்துக்குள் அது நிறைவேறிவிடும்.

ஒருநாள் துறைமுகத்து வெள்ளைக்காரத் துரையிடமிருந்து கடிதம் வந்தது. சபையில் இங்கிலீஷ் தெரிந்தவர், மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி சிங்காரப்பர் ஒருவர்தான். தெரியும் என்றால், அவரிடம் ஓர் அகராதி இருந்தது. மந்திரி பேரம்பலத்தின் ஆசனத்தின் மேல் அவருக்கு வெகுநாளாகக் கண்.

"பிரபு, உங்கள் மந்திரி என்னை ஒருநாளும் 'லெட் டவுன்' செய்ததில்லை என்று துரை எழுதுகிறார். லெட் என்றால் விடு. டவுன் என்றால் கீழே. அதாவது, ஒருநாளும் கீழே விட்டதில்லை!"

"கீழே விடவில்லை என்றால்?"

"தூக்கிக்கொண்டே திரிகிறார் என்று அர்த்தம். உங்கள் உப்பைத் தின்றுவிட்டு, அந்நியனைத் தோளில் சுமக்கிறார்!"

ராஜாவுக்கு மீசை துடித்தது. "என்னை ஒருநாளாவது தூக்கியிருப்பானா? இவனைத் தீர்த்துக்கட்டுங்கள்!"

காவலர்கள் வாளை உருவினார்கள். மந்திரி கைகட்டி நின்றார்.

"ஆகட்டும், மகாராஜா. ஆனால் கட்டளையைத் துபாஷியார் முறைப்படியே நிறைவேற்றச் சொல்லுங்கள். தீர்த்து என்றால் தீர்த்து; முதலில் என் மனக்குறையைத் தீர்க்க வேண்டும். கட்டு என்றால் கட்டு. தலையில் ஒரு பட்டுத் தலைப்பாகை கட்ட வேண்டும். நான் தயார்."

தலையைக் குனிந்தும் காட்டிவிட்டார்.

"ஐயையோ, அநியாயம்!" என்று சிங்காரப்பர் துள்ளினார். "தீர்த்துக்கட்டு என்றால் ஆளை முடித்துவிடு என்று தெருவில் போகிறவனுக்கும் தெரியுமே! பிரித்தால் ஓர் அர்த்தம், சேர்த்தால் வேறு அர்த்தமய்யா!"

"அப்படியா? அது தமிழுக்கு மட்டுமா துபாஷியாரே, இல்லை இங்கிலீஷுக்கும் உண்டா?"

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஓய், அந்த அகராதியைத் திற. லெட்டுக்குக் கீழே போட்டிருப்பதை எல்லாம் படி."

சிங்காரப்பரின் விரல் இறங்கி இறங்கி ஓரிடத்தில் நின்றது. குரலும் கூடவே இறங்கியது.

"லெட் டவுன்... கைவிடு, பிரபு."

"போன மழைக்காலத்தில் துரை குளிர்ஜுரத்தில் கிடந்தார்" என்றார் மந்திரி. "வைத்தியரை அனுப்பு, கைவிட்டுவிடாதே என்றீர்கள். அனுப்பினேன். அதற்குத்தான் நன்றி எழுதியிருக்கிறார்."

"நானா சொன்னேன்?"

"அன்று காலையில் சொன்னீர்கள், மகாராஜா."

ராஜா கடகடவென்று சிரித்தார். வாள்கள் உறைக்குள் போயின. பட்டுத் தலைப்பாகை வந்தது. ராஜாவே மந்திரியின் தலையில் கட்டிவிட்டார். பிறகு சிங்காரப்பரைப் பார்த்தார்.

"பாவம், இவரும் அவ்வளவு கனத்த புத்தகத்தைச் சுமந்து உழைத்திருக்கிறார். தட்டிக்கொடுங்கள்."

சிங்காரப்பர் நிம்மதியாக முதுகைக் காட்டினார்.

காவலர் தலைவன் தயங்கினான். "சேர்த்தா மகாராஜா, பிரித்தா?"

"அவர் முறைப்படி, பிரித்தே."

முதலில் தட்டினார்கள். அப்புறம் நாலு கொடுத்தார்கள்.