புழுவில்லாத மீன்

ரசாயன ஆலைக்கு ஒரு குழாய் போதவில்லையாம். கழிவைக் கடலில் கொட்ட இன்னொன்று வேண்டுமென்று கொடுவாமுனை மீனவக் கிராமத்தில் சப் கலெக்டர் தலைமையில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். மீன்பாடு இல்லாமல் அங்கே பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன.

ஆலை மேலாளர் மைக்கைப் பிடித்தார். “எங்க தண்ணியால கடலுக்கடியில ஒரு உயிர் செத்துச்சுன்னு காட்டுங்க. புதுக் குழாயே வேண்டாம்னு இப்பவே விட்டுடறோம்.”

சேற்றுக்குள் செத்ததை யார் தூக்கிவந்து காட்டுவது? வயிற்றில் அடித்தவரே சாட்சியும் கேட்பது என்ன நியாயம்?

மீன் ஆராய்ச்சி நிலையத்துக்கு மீன் அறுத்துக் கொடுக்கும் பிரிஸ்கா எழுந்தாள். முகத்தில் அத்தனை பணிவு.

“ஐயா, முன்னெல்லாம் எங்க மீன் குடல்ல புழுவா நெளியும். ஆலை வந்ததுலயிருந்து ஒண்ணுகூட இல்ல. உங்க தண்ணி செஞ்ச வேலைதானே?”

மேலாளர் பூரித்துப்போனார். “பின்ன? அவ்வளவு சுத்தம்! சப் கலெக்டர் சார், இதையும் எழுதிக்குங்க.”

சப் கலெக்டர் எழுதிக்கொண்டார்.

“அந்தப் புழு சேத்து நத்தைக்குள்ள பிறந்து, இறாலுக்குள்ள வளர்ந்து, இறாலைத் தின்ன மீனுக்கு வர்றதுங்க ஐயா. நத்தையும் இறாலும் இருந்தா புழு வந்தே தீரும். அதுங்க எங்க போச்சு? சுத்தம் பண்ணவரு நீங்கதானே, சொல்லுங்க.”

கூட்டத்துக்கு வந்திருந்த மீன்வளத் துறைக்காரர் ஆமென்று தலையாட்டினார். சப் கலெக்டர் புதுக் குழாய்க்கு அனுமதியை நிறுத்திவைத்தார். பழைய குழாய் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“கேவலம், ஒரு புழுவுக்கா இவ்வளவு பேச்சு?” என்று சீறினார் மேலாளர்.

“புழுவே பிழைக்காத தண்ணியில எங்களைப் பிழைக்கச் சொல்றீங்களே, அதுக்குத்தான்” என்றாள் பிரிஸ்கா.