செதிள் விட்ட கொடுவா மீன்

இந்தக் கரையில் அலை எத்தனை முறை வந்து போயிருக்கும் என்று எண்ண முடியுமா? அதையெல்லாம் பின்னால் தள்ளிவிட்டு வாருங்கள். அந்தக் காலத்தில் சிப்பித்துறை என்றொரு பட்டினம் இருந்தது. பட்டினத்தை ஆழியரையன் என்ற அரசன் ஆண்டான். அவனுடைய மடைப்பள்ளியைச் சேந்தி ஆண்டாள்.

சேந்தி பரதவர் குலத்துப் பெண். அவள் வைக்கும் மீன்குழம்பின் வாசனைக்கே கப்பல்கள் திசை மாறும் என்பார்கள். அதில் பாதியை நீங்கள் நம்ப வேண்டாம். மீதிப் பாதி உண்மைதான்.

ஒருமுறை மேற்குக் கடல் தாண்டி ஈசாக்கு என்ற யூதக் குதிரை வணிகர் வந்து அரசனின் விருந்தினராகத் தங்கினார். சேந்தி ஒரு கொடுவா மீனைச் செதிள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் சுரண்டி, கல் உப்புப் போட்டுக் கழுவி, குழம்பு வைத்தாள். அவர் தொடவில்லை. சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டார். மறுநாளும் அப்படியே. சேந்திக்குப் பொறுக்கவில்லை. நேரே போய்க் கேட்டுவிட்டாள்.

"தப்பா நினைக்காதீங்கம்மா," என்றார் ஈசாக்கு. "துடுப்பும் செதிளும் உள்ள மீனைத்தான் சாப்பிடலாம்னு எங்க வேதம் சொல்லுது. இறால், நண்டு, சிப்பி எதுவும் கூடாது. நீங்க செதிளைச் சீவிட்டா அது எந்த மீனுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அடடா, சுத்தமாகச் சமைத்ததே குற்றமாகிவிட்டது! மூன்றாம் நாள் வால் பக்கத்தில் நான்கு விரல் அகலத்துக்குச் செதிளை விட்டுவைத்தாள். ஈசாக்கு பார்த்தார், சிரித்தார், மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அரசனுக்கு இது வேடிக்கையாக இருந்தது. சேந்தியை அழைத்தான்.

"இறாலை அரைச்சு அவர் குழம்புல கலந்துடு. ருசிச்சுச் சாப்பிடட்டும். அப்புறம் சபையில சொல்லிச் சிரிப்போம்."

"மாட்டேன், மகாராசா."

முத்துமாலை தருகிறேன் என்றான். மாட்டேன் என்றாள். மடைப்பள்ளியை விட்டு நீக்குவேன் என்றான். மாட்டேன் என்றாள். இந்தக் கரையில் இனி உன் கால் படக்கூடாது, நாடு கடத்துவேன் என்றான். சேந்தி அந்த மணலில் பிறந்தவள். அவள் பெற்றோரை எரித்ததும் அந்த மணலில்தான். கடைசியில், "இறால் சமைக்கிறேன்," என்றாள்.

விருந்து நாள். சபை நிறைந்திருந்தது. ஈசாக்கின் முன்னால் மூடிய பாத்திரத்தை வைத்தாள் சேந்தி.

"சேந்தியம்மா சமைச்சதா? அப்போ நான் செதிளைக்கூடப் பார்க்க வேண்டாம்," என்றார் அவர். அரசன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

சேந்தி மூடியைத் திறந்தாள். தலையும் ஓடும் மீசையுமாக, உரிக்காத முழு இறால்கள் சிவந்து கிடந்தன.

"ஐயா, இது இறால். உங்களுக்கு ஆகாது. உங்க மீன் தனியா இருக்கு, கொண்டு வர்றேன்."

அரசன் சீறினான். "என் கட்டளை என்ன ஆச்சு?"

சேந்தி தலை குனியவில்லை. "எனக்கு இறால்னா உயிர், மகாராசா. கூடையோட குடுத்தாலும் தின்பேன். ஆனா எங்க வீட்டுல வேளாச் சுறாவோட ரம்பக் கொம்பை நட்டுக் கும்பிடுறோம், அதோட கறியைத் தொடமாட்டோம். அதை ஒருத்தர் மறைச்சு எனக்கு ஊட்டினா நான் தாங்குவேனா? இன்னொண்ணும் சொல்றேன். அவர் குழம்புல ஒளிக்கிற கை, நாளைக்கு உங்க குழம்புல ஒளிக்காதா?"

அரசனின் கை சோற்றிலேயே நின்றது. இருபது ஆண்டுகளாக அவள் கைச் சோறு அது. ஒருநாளும் அவன் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை. இப்போதுதான் தன் இலையைப் பார்த்தான்.

பிறகு எழுந்து மடைப்பள்ளிக்குப் போனான். செதிள் விட்ட கொடுவா மீனைத் தானே ஏந்தி வந்து ஈசாக்கின் இலையில் பரிமாறினான். "என்னை மன்னிச்சுடுங்க," என்று சபை கேட்கச் சொன்னான். சேந்தி அந்தக் கரையிலேயே இருந்தாள். அதன்பின் எந்த நாட்டுக் கப்பல் வந்தாலும், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் இறங்கினாலும், சிப்பித்துறையில் மட்டும் கேள்வி கேட்காமல் சாப்பிட்டார்கள். எந்த அரசனுக்குக் கிடைக்கும் இந்தப் பெருமை?

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: அடுத்தவரின் நோன்பு நமக்கு நோன்பாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் நம்மை நம்பி உண்ண உட்கார்ந்தவரின் நோன்பைக் காப்பது நம் கடமை.