துதி இல்லாத சங்கீதம்

சளக், சளக். தகர டப்பாவைக் குலுக்கும் சத்தம். வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்பா அந்த டப்பாவை நீட்டுவார். ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுக்க வேண்டும். அட்டையில் இருக்கிற வேத வசனம்தான் அந்த வருஷத்துக்குக் கர்த்தர் தரும் வாக்கு.

சிறுமியாக இருந்தபோது தேவகிருபை கேட்ட அந்தச் சத்தம், காலம் போன பிறகு, பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரி வார்டில் மறுபடியும் கேட்டது. இப்போது குலுக்கியது அவளேதான்.

மறுநாள் அவள் கணவர் அருமைநாயகத்துக்கு ஆபரேஷன். தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்துவிடுவார்கள். பிழைப்பாரா என்று கேட்டதற்கு டாக்டர் விரலால் மேலே காட்டினார். பிழைத்தாலும் பேச்சு இருக்காது என்பதை மட்டும் வாய்விட்டுச் சொன்னார்.

தேவகிருபை ஓர் அட்டை எடுத்தாள். கண்ணீரைப் பற்றிய வசனம். திரும்பப் போட்டாள். இன்னொன்றில் மரணம் என்ற சொல் இருந்தது. அதையும் போட்டுக் குலுக்கினாள்.

"என்னக்கா, லாட்டரியா?"

சுகிர்தம் நின்றிருந்தாள். வார்டு வார்டாகப் போய் நோயாளிகளுக்கு வேதம் வாசிக்கிற ஊழியக்காரி. தேவகிருபையைவிட இளையவள். ஆனால் வேதபாட வகுப்பில் தேவகிருபைக்கு அவள்தான் டீச்சர்.

"நல்ல வசனம் வரவே மாட்டேங்குது டீச்சர்."

"வந்தா?"

"வந்தா இந்தப் பயம் போயிரும்லா."

கட்டிலிலிருந்து அருமைநாயகம் கரகரத்தார். "காலையிலேர்ந்து எடுத்துக்கிட்டே இருக்கா. கர்த்தருக்கே கை வலிச்சிருக்கும்."

"நீங்க பேசாம இருங்க."

"நாளையிலேர்ந்து பேசமாட்டேன். இன்னைக்கும் விடமாட்டியா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சுகிர்தம் டப்பாவை வாங்கித் தன் பைக்குள் போட்டாள். வேதாகமத்தில் ஜெபப் பாட்டுகளான சங்கீதங்கள் இருக்கும் இடத்தைப் பிரித்து, தேவகிருபையின் மடியில் வைத்தாள்.

"எண்பத்தெட்டாம் சங்கீதம். சத்தமா வாசிங்க."

"ஐயோ, அதுல குழி, பிரேதக்குழின்னு வருமே! ஆபரேஷனுக்கு முந்தின நாள், அதுவும் ஆஸ்பத்திரியில வச்சு யாராவது அதை வாசிப்பாங்களா?"

"உங்க மனசுல இப்ப என்ன இருக்கு?"

தேவகிருபை கணவரின் கட்டிலைப் பார்த்தாள்.

"அதைத்தான் வாசிக்கச் சொல்றேன்."

முதலில் முணுமுணுப்பாகத்தான் வந்தது. போகப்போகக் குரல் ஏறியது. ஏன் என்னிடமிருந்து முகத்தை மறைக்கிறீர் என்று சங்கீதக்காரன் கேட்கிற இடத்தை, யாரும் சொல்லாமலே, அவள் இரண்டாம் முறையும் வாசித்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். நர்ஸ் ஓடி வந்தாள்.

"என்னம்மா இது, மெதுவா!"

"சண்டை நடக்குது சிஸ்டர். கொஞ்சம் பொறுங்க," என்றாள் சுகிர்தம்.

"யாரோட?"

"மேல இருக்கிற பெரியவரோட."

நர்ஸ் என்ன நினைத்தாளோ, கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

தேவகிருபை வாசித்து முடித்தாள். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அடுத்த சங்கீதம் தொடங்கியிருந்தது.

"டீச்சர், இது இருட்டுன்னே முடிஞ்சுபோச்சு. மத்த சங்கீதத்துல எவ்வளவு அழுதாலும் கடைசியில ஒரு துதி வரும். இதுல துதியைக் காணோமே?"

"அச்சடிக்கல."

"பின்னே?"

"நீங்கதான் பாடணும்."

"எப்படிப் பாட? பயம் இன்னும் போகலையே."

"எதுக்குப் போகணும்? அதுவும் உக்காந்து கேக்கட்டும்."

தேவகிருபை வேதாகமத்தை மூடிக் கட்டிலில் வைத்தாள். பிறகு சேலையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்தாள். ஆலயத்தில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்று ஸ்தோத்திரப் பாட்டு ஒன்றை எடுத்தாள். அருமைநாயகம் உடைந்த குரலில் கூடவே சேர்ந்தார். இந்த முறை அவள் அவரைத் தடுக்கவில்லை.

பாடி முடித்ததும், காலையில் வாங்கி வைத்த பொட்டலத்தைப் பிரித்து இட்லி தின்றாள். அன்றைக்கு அதுதான் அவளுக்கு முதல் சாப்பாடு.

அருமைநாயகம் பிழைத்தார். குரல் போனது போனதுதான்.