செவ்வோடைத் தண்ணீர்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள், சொன்னால் வம்பு. அரண்மனைக்குப் பக்கத்தில் ஓடும் பேராற்றில் ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் சிவப்பாக வந்தது. ராஜாவுக்குப் பொறுக்கவில்லை.

"காட்டுக்குள்ளிருந்து செவ்வோடை வந்து கலப்பதால்தான் இந்த நிறம், பிரபு," என்று போட்டுக்கொடுத்தார் தளவாய் நல்லப்பர். "குறுக்கே கரை போட்டு அடைத்துவிடலாம். நம் விகடகவி குருந்தனே அதை முடிக்கட்டும். அவன் ஊர் அந்த ஓடைக்கரையில்தானே?"

குருந்தன்மேல் அவருக்கு அத்தனை வயிற்றெரிச்சல். ஓடையை அடைத்தால் குருந்தனின் ஊர் முழுகும். மறுத்தால் அவன் தலை போகும்.

"ஓடைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட இனி என்மேல் படக் கூடாது!" என்றார் ராஜா.

குருந்தனைப் பேருக்கு முன்னால் நிறுத்தி, தளவாயின் ஆட்களே கரையை எழுப்பினார்கள். குருந்தனின் அக்கா பொம்மியின் கேழ்வரகுக் காட்டில்தான் முதலில் தண்ணீர் ஏறியது.

"ஏண்டா, நீ அரமனையில இருக்கறது இதுக்குத்தானா?" என்று கேட்டாள் அவள். குருந்தன் பேராற்றங்கரையோடு மலையைப் பார்த்து நடந்தான்.

அவன் திரும்பியபோது ராஜாவின் பிறந்த நட்சத்திரம். தலை முழுக எண்ணெய், அதன்மேல் சீயக்காய். ஆனால் தண்ணீரைக் காணோம். ராஜாவுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையைக் கேட்டு வாங்கியிருந்த குருந்தன் காலிக் குடத்தோடு நின்றான்.

"ஊற்றடா, கண் எரிகிறது!"

"பிரபு, ஓடை கலக்காத பேராற்றுத் தண்ணீரைத் தேடிப் போனேன். வழியெல்லாம் ஓடைகள் வந்து கலக்கின்றன. மலைமேல் வெகுதூரம் ஏறினேன். அங்கே இரண்டு ஓடைகள் சேருகிற இடத்தில்தான் பேராறு என்ற பெயரே தொடங்குகிறது. அதற்கு மேலே பேராறே இல்லை. ஆணைப்படி தங்கள்மேல் ஊற்றக்கூடிய தண்ணீர் இவ்வளவுதான்," என்று குடத்தைக் கவிழ்த்தான்.

"ஐயோ, எந்த ஓடையானாலும் ஊற்றித் தொலை! ஆணை ரத்து! கரையை வெட்டுங்கள்!"

மறைத்து வைத்திருந்த செவ்வோடைத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினான். கண்ணைக் கழுவிக்கொண்ட ராஜா விழுந்து விழுந்து சிரித்து, கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றிக் கொடுத்தார். எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவர் தளவாய். அரண்மனையில் பிழைக்கத் தெரிந்த மனுஷன்!

குருந்தன் ஊருக்குப் போனான். கரையை வெட்டியிருந்தார்கள். கேழ்வரகு சேற்றில் அழுகிக் கிடந்தது. பொம்மியின் வீட்டுச் சுவர் சரிந்திருந்தது. காப்பை அவள் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

"அவரு கண்ணு கொஞ்ச நேரம் எரிஞ்சதும் கரைய வெட்டச் சொல்லிட்டாரு. நாங்க இத்தன நாளா அழுதோமே, எங்க கண்ணு எரிஞ்சது யாருக்குடா தெரிஞ்சது?"

சபையையே மடக்கியவன் சரிந்த சுவருக்கு மண் குழைக்கப் போனான். ராஜா மட்டும் விருந்துக்கு விருந்து இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாராம்.