இரண்டு கரிச்சிகள், ஒரே ஓலை

வெள்ளைப்பாறைக் காட்டில் கரிச்சி என்றொரு கரடி இருந்தாள். பங்குனி பிறந்து இலவங்காய்கள் வெடிக்கத் தொடங்கிவிட்டால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. குகை வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு மேற்கு வானத்தையே பார்த்தபடி இருப்பாள். அந்தத் திசையிலிருந்துதான் வாலன் வருவான்.

வாலன் ஒரு வால்காக்கை. இரண்டு நாள் நடைத் தூரத்தில், ஏரிக்கரையில் ஓர் அடைக்கலக் குடில் இருந்தது. அடிபட்ட விலங்குகளையும் தாயை இழந்த குட்டிகளையும் அங்கே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் குடிலின் தூதன்தான் வாலன். காட்டில் உள்ளவர்கள் மனமுவந்து கொடுப்பதை வைத்துத்தான் குடில் நடந்தது. காட்டுப்பன்றி கிழங்கு கொடுப்பான். தூக்கணாங்குருவிகள் படுக்கைக்கு நார் கொடுக்கும். கரிச்சி புண்ணில் தடவத் தேன் கொடுப்பாள்.

கொடுக்கிறவர் ஒவ்வொருவருக்கும் குடிலில் தனித்தனியாக ஒரு பனையோலை உண்டு. அவர் பெயர் என்ன, எங்கே இருக்கிறார், என்ன கொடுக்கிறார், எந்த மாதம் போய்க் கேட்க வேண்டும், போன முறை கொடுத்தது யாருக்கு உதவியது என்று அதில் எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் தூதுப் பறவைகள் கிளம்பும்.

வாலன் வந்ததும் தேனைக் கேட்டுவிட மாட்டான். எதிர்க்கிளையில் உட்கார்ந்து, இறகைக் கோதிவிட்டு, போன வருடத்துத் தேன் யாருக்குப் போயிற்று என்று முதலில் சொல்வான். ஒரு வருடம் சிறுத்தை கீறிய காட்டெருமைக் கன்றுக்கு. இன்னொரு வருடம் காட்டுத்தீயில் கால் வெந்த முயலுக்கு. "இப்ப நல்லா ஓடுதுக்கா" என்பான். கரிச்சி எழுந்து உள்ளே போவாள். தேனடைகளை மந்தாரை இலையில் பொதிந்து தருவாள். கூடவே வரும் குரங்குகள் அதைத் தூக்கிக்கொண்டு போகும். பிறகு அவள் தனியே உட்கார்ந்து அந்தச் சேதியை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பாள். அடுத்த பங்குனி வரைக்கும் அவளுக்கு அது போதும்.

அவளுடைய ஒரே குட்டி சுருக்குக் கம்பியில் மாட்டி, அந்தக் குடிலில்தான் கிடந்தது. பதினோரு நாள் உயிரோடு இருந்தது. காலில் தடவிய தேனை யாரும் பார்க்காதபோது நக்கிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் முகத்தை வைத்துக்கொள்ளும். பன்னிரண்டாம் நாள் கண் திறக்கவில்லை. அதற்கு அடுத்த வருடத்திலிருந்து கரிச்சி தேன் கொடுக்கத் தொடங்கினாள். வேறு யாருடைய பிள்ளையாவது எழுந்து நடந்தது என்று கேட்டால், தன் குட்டியும் கொஞ்ச தூரம் கூட நடந்ததுபோல் இருக்கும் அவளுக்கு.

ஒரு பங்குனியில் வாலன் வரவில்லை.

வழியில் காற்று மழை ஏதாவது இருக்கும் என்று கரிச்சி நினைத்துக்கொண்டாள். சித்திரை வந்தது. பொதிந்து வைத்த தேனில் எறும்பு ஏறிவிட்டது. புதிதாகப் பொதிந்து உயரத்தில் தொங்கவிட்டாள். வைகாசியில் மழை இறங்கியபோது அதையும் தின்ன மனமில்லாமல் மரத்தடியில் போட்டுவிட்டாள்.

மறுவருடம் வாலனின் குரல் கேட்டது. அவள் அவசரமாக வாசலுக்கு வந்தாள். குரல் பள்ளத்தாக்கில் இறங்கி, கீழே இருந்த காட்டுப்பன்றியின் புதருக்குப் போயிற்று. கொஞ்ச நேரம் அங்கே பேச்சுச் சத்தம் கேட்டது. பிறகு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

மறுநாள் கரிச்சி தண்ணீர் குடிக்கப் போவதுபோல் அந்தப் பக்கம் போனாள். காட்டுப்பன்றியின் பெயர் கொம்பன். அவன் கொடுத்த கிழங்கைத் தின்று ஆறு முயல்குட்டிகள் பிழைத்ததாக வாலன் சொன்னானாம். அதைக் கொம்பன் மூன்று தடவை சொன்னான். அவன் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டாள். வாலன் என்னைப் பற்றி ஏதாவது விசாரித்தானா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்காமல் திரும்பிவிட்டாள்.

அந்த வருடம் முழுவதும் அவள் மனம் அதையே சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியாகக் கொடுத்த தேன் புளித்திருந்ததோ? இல்லை, குட்டியைப் பறிகொடுத்தவள் கொடுப்பது ஆகாது என்று யாராவது சொல்லியிருப்பார்களோ? கூப்பிடாத இடத்துக்கு எப்படிப் போவது? ஆனாலும் தேன் எடுக்கக் கொம்பேறும்போதெல்லாம் ஓர் அடையைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

மூன்றாவது வருடம் கொம்பனே குடிலுக்குப் போய்விட்டு வந்தான். அங்கே ஒரு கடமான் கன்று தொடையில் புண்ணோடு கிடப்பதாகவும், புண்ணில் புழு வைத்துவிட்டதாகவும் சொன்னான். பச்சிலை அரைத்துப் போட்டும் கேட்கவில்லையாம். தேன் மட்டும் இருந்தால் பிழைத்துவிடும் என்கிறார்களாம். ஆனால் தேன் கொடுப்பார் யாருமில்லையாம்.

கரிச்சி எழுந்தாள். இருந்த தேனையெல்லாம் பொதிந்து கழுத்தில் கட்டிக்கொண்டு, அன்று காலையே மேற்கே நடக்கத் தொடங்கினாள்.

மூன்றாம் நாள் உச்சிவேளையில் குடிலுக்குப் போய்ச் சேர்ந்தாள். வாசலில் முள்ளம்பன்றி ஒருத்தி ஓலைக்கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, உதிர்ந்த தன் முள்ளாலேயே எழுதிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் முள்ளி. முன்பு ஓலை எழுதிய ஆமை வேறு குளத்துக்குப் போய்விட, அந்த வேலைக்கு வந்தவள். வந்தவர் பெயரைத் தலை நிமிராமலே கேட்டாள்.

"கரிச்சி."

முள்ளி நிமிர்ந்து பார்த்தாள். "அந்தப் பேர்ல ஒருத்தங்க எங்களுக்குத் தேன் கொடுத்துக்கிட்டு இருந்தாங்கம்மா. இறந்துட்டாங்க. மூணு வருஷம் ஆகப்போகுது."

"யார் சொன்னா?"

"ஓலையில இருக்கு."

கரிச்சி கழுத்திலிருந்த பொதியை அவிழ்த்துக் கீழே வைத்தாள். "இது தேன். முதல்ல அந்தக் கன்றுக்குப் போடுங்க. அப்புறம் அந்த ஓலையை எனக்குக் காட்டுங்க."

உள்ளேயிருந்து இரண்டு குரங்குகள் வந்து பொதியை எடுத்துக்கொண்டு ஓடின. முள்ளி கட்டைப் பிரித்து ஓலையை எடுத்தாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது. கரிச்சி, கரடி, தேன், பங்குனி. கீழே காட்டெருமைக் கன்றும் முயலும், அவள் கேள்விப்படாத வேறு சிலரும். ஊர் என்ற இடத்தில் மூங்கில்பள்ளம். எல்லாவற்றுக்கும் குறுக்கே நேராக ஒரு கோடு.

கரிச்சி நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பேர் என்னுது. கொடுத்த தேன்லயும் பாதி என்னுது. ஊர் மட்டும் என்னுது இல்லை. நான் வெள்ளைப்பாறை."

முள்ளியின் முட்கள் மெல்ல அடங்கின. அவள் சோம்பேறி இல்லை. வேலைக்கு வந்தபோது ஓலைகள் கரையான் அரித்துக் கலைந்து கிடந்தன. மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்து எல்லாவற்றையும் புது ஓலையில் எழுதினாள். அப்போது கரிச்சி என்ற பெயர் இரண்டு ஓலையில் இருந்தது. இரண்டும் கரடி, இரண்டுமே தேன். ஊர் மட்டும் வேறாக இருந்ததை ஆமையின் மறதி என்று நினைத்து, மூங்கில்பள்ளத்தை வைத்துக்கொண்டு இரண்டையும் ஒன்றாக்கினாள். சில மாதம் கழித்துத் தெற்கே போன மைனா, மூங்கில்பள்ளத்தில் கரிச்சி இறந்துவிட்டாள் என்று சேதி கொண்டுவந்தது. முள்ளி கோடு போட்டாள். இதையெல்லாம் அவள் ஒளிக்காமல் சொன்னாள்.

"யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள் கரிச்சி.

"கேட்டிருக்கலாம்மா. கட்டு சுத்தமா இருக்கணும்னுதான் பார்த்தேன். சரியா இருக்கான்னு பார்க்கலை."

அதற்குள் வாலன் பறந்து வந்தான். கரிச்சியைப் பார்த்ததும் கிளையில் உட்காரத் தடுமாறித் தரையில் இறங்கினான். தெற்குப் பக்கம் அவன் போனதே இல்லை. வேறொரு கரிச்சி இருந்தது அவனுக்குத் தெரியாது. ஊரைக் கவனிக்காமல் பெயரையும் கோட்டையும் மட்டும் கண்ட நாளிலிருந்து வெள்ளைப்பாறைக் குகைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவும் மனம் வரவில்லை என்று சொன்னான். "உங்க வாசலை வெறுமையா பார்க்க முடியாதுன்னுதான் சுத்திக்கிட்டுப் போனேன்க்கா" என்றான்.

கரிச்சிக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவள் முள்ளியின் பக்கம் திரும்பினாள்.

"என் பழைய ஓலையில இன்னொரு வரி இருந்திருக்கும். என் குட்டியைப் பத்தி."

முள்ளிக்கு நினைவு வந்தது. அப்படி ஒரு வரி இருந்தது. தேனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று புது ஓலையில் அதை விட்டுவிட்டாள். பழைய ஓலைகளைக் கூரை ஒழுகிய இடத்தில் சொருகியிருந்தார்கள். வாலன் ஏறித் தேடி ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டான். கரிச்சியின் ஓலை கிடைத்தது. மூன்று மழையும் மூன்று வெயிலும் எழுத்தைத் தின்றுவிட்டிருந்தன. கரிச்சி அதை மூக்கின் அருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். மழை வாசனைதான் அடித்தது.

அவள் குட்டி இருந்ததற்கு உலகத்திலேயே அந்த ஒரு வரிதான் சாட்சியாக இருந்தது.

முள்ளி புது ஓலை ஒன்றை எடுத்தாள். "சொல்லுங்கம்மா. நீங்க சொல்ற மாதிரியே எழுதுறேன்."

ஆறு வருடமாக வாய்விட்டுச் சொல்லாத பெயரைக் கரிச்சி சொன்னாள். "மிளகு. வெள்ளைப்பாறைக் கரிச்சியோட குட்டி. நெஞ்சுல பிறை மாதிரி ஒரு வெள்ளை. பதினோரு நாள் இந்தக் குடில்ல இருந்தான். தேன்னா உசிரு."

முள்ளி எழுதிவிட்டு வாசித்துக் காட்டினாள். பிறை என்பதைப் பாறை என்று எழுதியிருந்தது தெரிந்தது. திருத்தி எழுதி மறுபடி வாசித்தாள்.

மூன்று நாள் கழித்துக் கடமான் கன்று தலையைத் தூக்கித் தண்ணீர் கேட்டது. கரிச்சி பக்கத்திலேயே இருந்தாள். அது பிழைத்துக்கொள்ளும் என்று தெரிந்ததும் ஊருக்குக் கிளம்ப எழுந்தாள். முள்ளி அவளை நிறுத்தி, ஒரு பிழை இருந்தால் இன்னும் இருக்குமே, ஒவ்வொரு ஓலையாக நேரில் போய்ப் பார்க்கப் போகிறேன், கூட வருவீர்களா என்று கேட்டாள். கரிச்சி போனாள்.

இரண்டு மாதம் நடந்தார்கள். ஆற்றோரத்துத் தூக்கணாங்குருவிகள் நார் கொடுப்பதை நிறுத்திவிட்டன என்று எழுதியிருந்தது. பார்த்தால், அவற்றின் மரம் விழுந்ததால் அக்கரைக்குப் போயிருந்தன. தூதர்கள் விழுந்த மரத்தையே வந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். மேட்டுக்காட்டில் ஒரு காட்டெருமைக்கு இரண்டு ஓலை இருந்தது. தாயற்ற கன்றுகளுக்கு அவள் பால் கொடுப்பவள். ஒரே மாதத்தில் இரண்டு தூதர்கள் வந்து கேட்க, மறுக்கக் கூச்சப்பட்டு இரண்டு பேருக்கும் கொடுத்துக் கொடுத்து விலா எலும்பு தெரிய இளைத்திருந்தாள். முள்ளி அங்கேயே உட்கார்ந்து இரண்டில் ஓர் ஓலையைக் கட்டிலிருந்து எடுத்தாள். ஆனால் இந்தத் தடவை காட்டெருமையிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தாள். எடுத்ததையும் தூக்கி எறியாமல் தனிக் கட்டாக வைத்தாள்.

யார் இறந்தார் என்று சேதி வந்தாலும், போய்ப் பார்த்து வராமல் கோடு போடுவதில்லை என்று அவர்களுக்குள் ஏற்பாடாயிற்று. பெயரோடு ஊரும், ஊரோடு ஓர் அடையாளமும் இல்லாமல் எந்த ஓலையும் கட்டுக்குள் சேரவில்லை.

கடைசியாக மூங்கில்பள்ளம் வந்தார்கள். இறந்துபோன கரிச்சியின் குகையில் அவள் மகன் இருந்தான். வளர்ந்த கரடி. பெயர் ஈச்சன். வந்தவர்களைப் பார்த்து அவன் உள்ளே கூப்பிடவில்லை.

"எங்கம்மா சாகுற வரைக்கும் உங்க குடிலுக்குத் தேன் கொடுத்தா" என்றான். "செத்ததுக்கு ஒருத்தரும் வந்து எட்டிப் பார்க்கலை."

முள்ளி ஓலையைப் பிரித்தாள். இரண்டு கரிச்சிகளின் தேனும் அதில் ஒன்றாகக் கலந்து கிடந்தது. எது யார் கொடுத்தது என்று பாதிக்கு மேல் பிரிக்க முடியவில்லை. தூது போன மைனாவின் நினைவிலிருந்து ஒன்றை மட்டும் உறுதியாக மீட்டிருந்தார்கள். அதைப் படிக்காமல் முள்ளி பின்வாங்கினாள். கரிச்சிதான் முன்னால் போனாள்.

"தம்பி, என் பேரும் கரிச்சிதான்" என்றாள். "உங்கம்மா கடைசியா கொடுத்த தேனை ஒரு நீர்நாய்க்குப் போட்டாங்க. வலையில மாட்டி முதுகுத்தோல் உரிஞ்சுபோனது. இப்ப ஏரியில இருக்கு. இந்த வருஷம் மூணு குட்டி போட்டிருக்கு. நான் பார்த்துட்டுத்தான் வர்றேன்."

ஈச்சன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூங்கில் புதரைப் பார்த்தான்.

பிறகு அவன் திரும்பாமலே கேட்டான். "மூணு குட்டியா?"

"மூணு."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

கரிச்சி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னாள்.

கொடுத்தவரை மதிப்பது என்பது, அவர் யார், எங்கே இருக்கிறார், அவர் கொடுத்தது என்ன செய்தது என்பதைப் பிழையில்லாமல் எழுதி வைப்பதில் தொடங்குகிறது.