எஸ்தர் இடைவெளி

“நீங்க எழுதினது இந்த ஸ்லைடுல இல்லைங்க மேடம்,” என்றார் நாச்சிமுத்து.

“எத்தனை பார்த்தீங்க சார்?”

“நாற்பதுங்க.”

“இன்னும் பாருங்க.”

அவ்வளவுதான். எஸ்தர் மேடம் விடைத்தாள் கட்டுக்குள் குனிந்துகொண்டார்.

நாச்சிமுத்து ஸ்லைடுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் மேசைக்குத் திரும்பினார்.

அவருக்கு வயது நாற்பத்தாறு. பத்தொன்பது வருடம் கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் டாக்டராக இருந்தவர். மாட்டு வயிற்றுக்குள் குறுக்கே திரும்பிக் கிடந்த கன்றுகளைக் கைவிட்டு இழுத்தவர், வயிறு ஊதிய ஆடுகளுக்கு ஊசி குத்திக் காற்று இறக்கியவர். முனைவர் பட்டம் வாங்கிவிட வேண்டும் என்று மூன்று வருட விடுப்பில் கல்லூரிக்குத் திரும்பியபோது, உடற்கூறு துறையில் இரண்டு பேராசிரியர்கள், “இந்த வயசுல எதுக்குங்க?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

அதே துறையில் இருந்த எஸ்தர் மேடம் அப்படிக் கேட்கவில்லை. அவர் நாச்சிமுத்துவைவிட எட்டு வயது இளையவர்.

“மைக்ரோஸ்கோப்புல ஒரேயடியா எவ்வளவு நேரம் உட்காருவீங்க?” என்றார்.

“பழகிக்கிறேங்க.”

“சரி.”

அன்றிலிருந்து நாச்சிமுத்து அவருடைய சீடர்.

ஆய்வு வெள்ளாட்டின் பெரிய வயிற்றைப் பற்றியது. அதன் உள்பக்கம் துவாலை மாதிரி இருக்கும், குட்டிக் குட்டி நாக்குகளாக. ஒரு நாக்கை வெட்டி எடுத்து, கெடாமல் இருக்கப் பார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, தாளைவிட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்த்தால் மேல்தோலும் அதன் கீழே ரத்தக்குழாய் ஓடும் சதையும் தெரியும்.

இந்த இரண்டுக்கும் நடுவே நூல் ஓடினாற்போல் ஒரு வெள்ளை இடைவெளி உண்டு என்று பன்னிரண்டு வருடத்துக்கு முன் எஸ்தர் எழுதினார். வறண்ட பகுதி ஆடுகளில் அது இருக்கிறது, கல்லூரியைச் சுற்றியுள்ள ஊர் ஆடுகளில் இல்லை. கோடையில் அகலமாகிறது. தண்ணீர் கிடைக்காத காலத்துக்கு ஆட்டின் உடம்பு வெட்டிக்கொண்ட வாய்க்காலாக இருக்கலாம் என்றார்.

கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. வேலையும் கிடைத்தது. மாணவர்கள் செய்முறை நோட்டில் படம் வரைந்து ‘எஸ்தர் இடைவெளி’ என்று அம்புக்குறி போட்டார்கள்.

அந்த இடைவெளியை மாதாமாதம் அளப்பதுதான் நாச்சிமுத்துவுக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

அளக்க வேண்டுமென்றால் முதலில் அது இருக்க வேண்டும்.

இன்னொரு நாற்பது ஸ்லைடு பார்த்தார். மேல்தோல் சதையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது, சுவரில் பூசிய சுண்ணாம்பு மாதிரி. நடுவில் ஒரு மயிரிழைகூட இல்லை.

தன்மீதுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. கண் போய்விட்டதோ என்று கண்ணாடியை மாற்றினார். சாயத்தை மாற்றினார். வேறு ஆடு, வேறு கிடை, வேறு மேய்ச்சல் காடு என்று அலைந்தார். ஒவ்வொரு முறையும் காலை நான்கு மணிக்குக் காரைக் கிளப்பி, ஆறு மணிக்கு அந்த வறண்ட ஊரின் ஆடு அறுக்கும் கூடத்தில் போய் நின்றார். சுலைமான் பாய் ஆட்டின் வயிற்றைத் திறந்து கொடுத்த இரண்டாவது நிமிடம் துண்டு பார்மலின் பாட்டிலுக்குள் இருக்கும்.

“ஏன் சார் இவ்வளவு அவசரம்? அது எங்க ஓடிடப் போகுது?” என்பார் பாய்.

ஒரு மத்தியானம் லேபில் மெழுகுக் கட்டியைச் சீவிக்கொண்டிருந்த பால்துரையிடம் போய் நின்றார். பால்துரை இருபத்தைந்து வருடமாக அந்த லேபில் டெக்னீஷியன்.

“மேடம் ஆய்வு செஞ்சப்ப துண்டு யாருங்க கொண்டுவந்தது?”

“நான்தான்.”

“கார்லயாங்க?”

பால்துரை சிரித்தார். “பஸ்ஸுல. மூணு மணி நேரம். வழியில ரெண்டு டீக்கடை.”

“பார்மலின் பாட்டிலோடயா?”

“ஒரு தடவை கொண்டுபோனேன். மூடி கசிஞ்சு பஸ்ஸுல எல்லாருக்கும் கண்ணு எரிஞ்சுபோச்சு. கண்டக்டர் நடுவழியில எறக்கி விட்டுட்டார். அப்புறம் பிளாஸ்டிக் பைதான். மேல ஈரத்துணி சுத்திக்குவேன்.”

“கட்டுரையில ‘உடனே பார்மலினில் போட்டோம்’னு இருக்குதுங்களே?”

“உடனேதான் போட்டோம். பஸ்ஸைவிட்டு எறங்கின உடனே.”

நாச்சிமுத்து வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார்.

மறுநாள் ஒரே ஆட்டிலிருந்து ஐந்து துண்டு எடுத்தார். ஒன்றை இரண்டாவது நிமிடம் பார்மலினில் போட்டார். ஒன்றை அரைமணி கழித்து. ஒன்றை ஒரு மணி, ஒன்றை இரண்டு மணி, ஒன்றை மூன்று மணி நேரம் கழித்து.

பத்து நாளில் ஸ்லைடுகள் வந்தன.

முதல் மூன்றில் ஒன்றும் இல்லை. நான்காவதில் அங்கங்கே தோல் லேசாகத் தூக்கியிருந்தது. ஐந்தாவதில் வெள்ளைநூல் ஒன்று முனை முதல் அடி வரை அழகாக ஓடியது. செய்முறை நோட்டில் இருக்கும் படம் அப்படியே.

செத்த உடம்பு கெடத் தொடங்கும்போது தோல் சதையைவிட்டு விலகும். அந்த விலகல்தான் அது. கோடையில் அகலமானதற்கும் காரணம் புரிந்தது, வெயிலில் சீக்கிரம் கெடும். உள்ளூர் ஆடுகளில் இல்லாததற்கும் புரிந்தது. உள்ளூர் ஆட்டுத்துண்டு பஸ் ஏறவில்லை.

நாச்சிமுத்து விடுப்பைக் கணக்குப் போட்டார். இரண்டு வருடம் போய்விட்டது. பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்ட தலைப்பிலேயே அந்த இடைவெளி இருக்கிறது. இல்லை என்று எழுதினால் அவருடைய ஆய்வுக்குத் தலைப்பு போய்விடும், மேடத்துக்குப் பெயர் போய்விடும். யாரும் சேர்த்துக்கொள்ளாத ஆளைச் சேர்த்துக்கொண்டவருக்கு இதைத்தான் செய்யப் போகிறோமா?

பால்துரையிடம் மட்டும் காட்டினார். பால்துரை மைக்ரோஸ்கோப்பில் ஒரு கண், அவர்மேல் ஒரு கண்ணாகப் பார்த்தார்.

“சார், நான் ஒண்ணு சொல்றேன். மூணு மணி நேரத்துத் துண்டையே எடுத்துக்கோங்க. அதுல இருக்கில்ல? அளந்து எழுதிட்டுப் போங்க. உங்களுக்கும் நல்லது, எஸ்தர் அம்மாவுக்கும் நல்லது.”

நாச்சிமுத்து ஸ்லைடைப் பெட்டியில் வைத்து மூடினார்.

ஆனால் அப்படியே செய்தார். ஏழு மாதம் செய்தார். துண்டை மூன்று மணி நேரம் பையில் வைத்திருந்து பார்மலினில் போட்டார். அளவுகள் வரிசையாக வந்து விழுந்தன. மார்கழியில் குறுகல், சித்திரையில் அகலம். வரைபடம் போட்டால் மலை மாதிரி ஏறி இறங்கியது. இவ்வளவு ஒழுங்கான வரைபடத்தை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்கச் சோறு இறங்கவில்லை.

அத்தியாயத்தை அச்செடுத்துக்கொண்டு போய் மேடத்தின் மேசையில் வைத்தார்.

எஸ்தர் முழுவதையும் அவர் எதிரிலேயே படித்தார். முக்கால் மணி நேரம் ஆனது.

“கோடையில அகலம் கூடுது.”

“ஆமாங்க.”

“நான் எழுதினதும் அதுதான்.”

“ஆமாங்க மேடம்.”

“முதல் எண்பது ஸ்லைடுல இல்லைன்னீங்க.”

நாச்சிமுத்து தரையைப் பார்த்தார்.

“துண்டை எவ்வளவு நேரத்துல பார்மலின்ல போட்டீங்க?”

உடனே என்று சொல்லிவிடலாம். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது.

“மூணு மணி நேரம் கழிச்சுங்க.”

“ஏன்?”

“அப்பத்தாங்க அது தெரியுது.”

எஸ்தர் தாள்களை அடுக்கி, ஓரம் தட்டி, அவர் பக்கம் தள்ளி வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“நாளைக்கு எத்தனை மணிக்குப் போவீங்க?”

“நாலு மணிக்குங்க.”

“நானும் வர்றேன்.”

மறுநாள் இருவரும் அதே காரில் போனார்கள்.

கூடத்தில் சுலைமான் பாய் வயிற்றைத் திறந்ததும் எஸ்தரே கத்தியை வாங்கினார். புடவையைச் செருகிக்கொண்டு குனிந்து, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துண்டு வெட்டினார். ஒன்றை நாச்சிமுத்துவின் பாட்டிலில் போட்டார். இன்னொன்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, கைக்குட்டையைக் குழாயடியில் நனைத்துச் சுற்றினார்.

“நீங்க கார்ல போங்க சார்.”

“நீங்க?”

“பஸ்ல வர்றேன்.”

“மேடம், பையைக் கார்லயே வெச்சு மூணு மணி நேரம்...”

எஸ்தர் அதற்குள் ரோட்டுக்குப் போய்விட்டார். பேருந்து நிறுத்தத்தில் வெற்றிலைக்கூடையோடு நின்ற பெண்களுக்கு நடுவே போய் நின்றார்.

நாச்சிமுத்து கல்லூரி வாசலில் காத்திருந்தார். ஒன்பதரை மணிக்கு பஸ் வந்தது. எஸ்தர் இறங்கினார். மடியில் பையை வைத்திருந்த இடத்தில் புடவை நனைந்து திட்டாக இருந்தது. வியர்த்துக் கொட்டியது. நேரே லேபுக்கு நடந்து போய்த் துண்டை பார்மலினில் போட்டார். பால்துரை எழுந்து நின்றார்.

“நான் செய்றேன்மா.”

“வேண்டாம் பால்துரை. இதை நானே செய்றேன்.”

ஊறவைத்ததும், மெழுகில் பதித்ததும், சீவியதும், சாயம் ஏற்றியதும் அவரே. பழக்கம் விட்டுப்போயிருந்ததால் முதல் நாள் சீவியதெல்லாம் கிழிந்தது. மறுநாளும் உட்கார்ந்தார்.

பத்தாம் நாள் இரண்டு ஸ்லைடையும் எடுத்துக்கொண்டு மைக்ரோஸ்கோப் முன் அமர்ந்தார். பாட்டிலில் போட்ட துண்டைப் பார்த்தார். பஸ்ஸில் வந்த துண்டைப் பார்த்தார். மறுபடியும் முதலாவது. நாச்சிமுத்து பின்னால் கைகட்டி நின்றார்.

வெகுநேரம் கழித்து எஸ்தர் கண்ணை எடுத்தார்.

“இல்லை சார்,” என்றார்.

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். தலைப்பை மாற்றக் கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆடு செத்த பிறகு முதல் மூன்று மணி நேரத்தில் வயிற்றின் உட்பக்கம் எப்படி மாறுகிறது என்பது புதுத் தலைப்பு. ஆறு மாதம் கூடுதல் அவகாசமும் கேட்டார். காரணம் என்ற இடத்தில், ‘வழிகாட்டியின் பழைய ஆய்வில் பிழை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவகாசம் கிடைத்தது. விடுப்பு நீளவில்லை. நாச்சிமுத்து மருந்தகத்துக்குத் திரும்பி, பகலில் ஆடு மாடு பார்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரிக்கு வந்தார். புதுத் துண்டுகள், புது ஸ்லைடுகள். இந்த முறை சோறு இறங்கியது.

கடைசி அத்தியாயத்தோடு வந்தபோது எஸ்தர் அதில் ஒரு வாக்கியத்தில் நின்றார். விரலை வைத்து உரக்கப் படித்தார்.

“‘முந்தைய ஆய்வில் குறிப்பிடப்பட்ட இடைவெளி இவ்வாய்வில் தெளிவாகப் புலப்படவில்லை. இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம்.’ இது என்ன சார்?”

நாச்சிமுத்து நெளிந்தார். “உங்க ஆய்வுங்க. எடுத்தவுடனே தப்புன்னு எழுதறதுக்கு எனக்குக் கை வரலைங்க.”

எஸ்தர் தாளைக் கீழே வைத்தார்.

“உங்க மருந்தகத்துக்கு ஒருத்தர் மாட்டை வண்டியில ஏத்திக் கொண்டுவர்றார். வழியிலயே செத்துப்போச்சு. அவருக்குத் தெரியலை. நீங்க பார்க்கிறீங்க. என்ன சொல்வீங்க?”

“செத்துப்போச்சுங்கன்னு சொல்வேன்.”

“அழுவாரே?”

“அழுவாருங்க.”

“அப்பவும் சொல்வீங்களா?”

“சொல்லித்தாங்க ஆகோணும். இல்லைன்னா வண்டிய வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயி, வாளியில தண்ணி வெச்சுக்கிட்டுக் குடிக்கும் குடிக்கும்னு பக்கத்துலயே உட்கார்ந்திருப்பாருங்க.”

சொல்லி முடித்ததும் நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார்.

எஸ்தர் மூடியைக் கழற்றிய பேனாவை அவர் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்.