மாடியில் இரண்டு டிஷ்

"முதல்முறை சவூதிக்கு, தம்மாம் புறப்பட்டப்ப எங்க பெரியவாப்பா ஒண்ணு சொன்னாங்க, பாவா. 'மனசை எடுத்துட்டுப் போ'ன்னாங்களா, 'வெச்சுட்டுப் போ'ன்னாங்களா, இப்ப பாதி மறந்துபோச்சு."

மொகுதூம், தைக்கா என்கிற அந்தச் சூஃபி மடத்தின் முற்றத்தில் நின்றுகொண்டே சொன்னான். உட்காரச் சொன்னால் உட்காருவான். உடனே எழுந்துவிடுவான்.

நூஹ் பாவா அவனுக்குக் குரு. வயதில் இளையவர். அண்ணன் முறை வைத்துச் சீடனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"பெரியவாப்பாகிட்டயே கேக்கலாமே, காக்கா."

"அவங்க மவுத்தாகி ரொம்ப நாளாச்சு."

"அதான் என்கிட்ட வந்தீங்களாக்கும்."

"வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குள்ள பதில் சொல்லணும், பாவா. தம்மாம்ல பழைய கம்பெனி திரும்பக் கூப்பிடுது. மச்சான் போங்கிறான். உம்மா போகாதேங்கிறாங்க. ஜுலைகாவைக் கேட்டா, 'உங்க இஷ்டம்'னு சொல்லிட்டு உள்ள போய்ப் பாத்திரத்தை உருட்டுறா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. போகவா, இருக்கவா?"

பாவா மாடியைக் காட்டினார்.

உடம்பு தேறும்வரை தைக்காவில் தங்குகிறவர்களுக்கு நான்கு அறைகள். அறைக்கு ஒரு டிவி, ஒரு ரிசீவர். மாடியில் இரண்டு டிஷ். மேற்கே சாய்ந்தது மக்காவின் நேரலையைத் தரும். வானத்தைப் பார்த்தது தமிழ்ச் சேனல்களைத் தரும். போன காற்றில் வயர் எல்லாம் பிய்ந்து கிடந்தது.

"நாலு அறைக்கும் படம் வரட்டும். அப்புறம் பேசுவோம்."

தம்மாமில் அவனுக்கு இதுதான் வேலை. அன்றைக்கே படம் வந்துவிட்டது.

மறுநாள் சண்டையும் வந்தது.

அவன் ஒரே வயரை நான்காகப் பிரித்து அறைகளுக்கு விட்டிருந்தான். அதன் நுனியை எந்த டிஷ்ஷில் செருகுகிறானோ, அதுதான் நான்கு அறையிலும் தெரியும்.

"மொகுதூம்! மக்காவைக் காணோமேப்பா!" முதல் அறையிலிருந்து செய்யிது லெப்பை.

ஓடினான். மாற்றினான்.

"யாரது? இப்பத்தான் மருமக மாமியாரை எதிர்த்து வாயைத் திறந்தா. அதுக்குள்ள கஅபாவைச் சுத்துற தவாஃப் ஓடுது!" அடுத்த அறையிலிருந்து ஆமினா லாத்தா.

"அஸ்தஃபிருல்லாஹ்! தவாஃபைப் பார்த்தா அலுத்துக்கிறே?"

"அதுக்கு நான் மறுமையில பதில் சொல்லிக்கிறேன், லெப்பை. இப்ப மருமக என்ன சொன்னான்னு எனக்குத் தெரியணும்."

ஓடினான். மாற்றினான்.

மற்ற இரண்டு அறைகளிலும் அவன் பெயரைக் கற்றுக்கொண்டார்கள். சோறு பாதியில் நின்றது. செருப்பு ஏணிக்கடியிலேயே கிடந்தது. கடைசியில் பாயையும் மாடிக்குக் கொண்டுபோய்விட்டான்.

வியாழக்கிழமை மாலை பாவா ஏணியேறி வந்தார்.

"கால் ஓஞ்சுபோச்சு, பாவா. ஒருத்தருக்கு நல்லவனானா மத்தவங்க ஏசுறாங்க."

"வேற வழி கிடையாதா?"

மொகுதூம் வயர் நுனியைத் துடைத்தான்.

பாவா அவனுடைய கருவிப் பையைத் தன்பக்கம் இழுத்தார். உள்ளே கைவிட்டுத் துழாவினார். பிளாஸ்டிக் உறை பிரிக்காத, தட்டையான இரும்புப் பெட்டி ஒன்று வந்தது.

"இது என்ன?"

"சுவிட்ச்."

"என்ன செய்யும்?"

"ரெண்டு டிஷ்ஷும் இதுக்குள்ள வந்துடும். நாலு அறைக்கும் தனித்தனியா வயர் போகும். அவங்கவங்க ரிமோட்டை அமுக்கினா, அவங்கவங்களுக்கு வேண்டியது வரும். ஒருத்தர் மாத்துறது அடுத்தவரைப் பாதிக்காது."

"மாட்ட நேரமாகுமா?"

"ஒரு டீ குடிக்கிற நேரம்."

"எப்ப வாங்கினீங்க?"

"வேலை ஆரம்பிச்ச அன்னைக்கே."

பாவா பெட்டியை அவன் மடியில் வைத்தார்.

கீழேயிருந்து லெப்பை கூப்பிட்டார். மொகுதூம் எழப்போனான். பிறகு எழவில்லை.

"இதை மாட்டிட்டா என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க, பாவா."

"கூப்பிடலேன்னா?"

"கீழே இறங்கணும்."

"இறங்கினா?"

"தம்மாமுக்குப் பதில் சொல்லணும்."

"டீ சொல்லட்டுமா, காக்கா?" என்றார் பாவா.

அவன் உறையைக் கிழித்தான்.

முதல் அறையில் மக்கா வந்தது. அடுத்த அறையில் மருமகள் பேசி முடித்திருக்க, மாமியார் அழத் தொடங்கியிருந்தாள். லெப்பை கூப்பிடவில்லை. லாத்தாவும் கூப்பிடவில்லை.

மொகுதூம் காத்திருந்தான். இரண்டு தடவை ஏணிவரை போய்க் காதுகொடுத்துக் கேட்டான். டிஷ்ஷை ஒருமுறை தொட்டுப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது.

வந்து பாவாவுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"நீங்க இன்னும் எனக்குப் பதில் சொல்லலையே."

பாவா டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் ஊதினார்.

மொகுதூம் போனை எடுத்துத் தம்மாம் கம்பெனியைக் கூப்பிட்டான். தனக்கு இங்கேயே இருக்கத்தான் ஆசை, வரவில்லை என்று சொன்னான்.